மஞ்சள் தாளில் எழுபத்திரண்டு

"மணி என்ன?"

"ரெண்டே கால், டீச்சர்."

"சரியா?"

"காலையில ரேடியோவோட வச்சுத் திருப்பினேன். தப்பு இருந்தா ரேடியோவைத்தான் கேக்கணும்."

டீச்சர் கடிகாரம் கட்டுவதில்லை. பதினெட்டு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவர். அங்கே மணி அடிக்க ஆள் இருந்தது. துப்பறியும் வேலைக்கு வந்தபின் அந்த ஆள் பூட்டு. அது பட்டப்பெயர். உதவியாளனாகச் சேரும் முன், சாவி தொலைத்தவர்களுக்குப் பூட்டுத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது.

இன்ஸ்பெக்டரின் அறையில் நான்கு நாற்காலிகள். யாரும் உட்காரவில்லை. ஜன்னலோரம் ஒரு நர்ஸ் டியூட்டி உடையிலேயே வந்து நின்றாள். அவளுடைய தங்கை சட்ட வரைவு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை மாலை, அலுவலகத்துக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து அக்காவின் வார்டுக்குப் போன் செய்தாள். பேச்சின் நடுவில் ஒரு முனகல். பிறகு ரிசீவர் சுவரில் மோதும் சத்தம். நர்ஸ் வழக்கம்போல வார்டு நோட்டில் நேரம் எழுதினாள். ஐந்து இருபது.

இன்று புதன்.

"சட்டம் வந்து அஞ்சு நாள்தான் ஆகுது," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆளைப் பணயமா பிடிச்சு வச்சா தூக்கு. ஒரே ஒரு வழி விட்டிருக்காங்க. நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள, போலீஸ் போறதுக்கு முன்னாடி, அவனாவே, காயம் இல்லாம வெளியே அனுப்பிட்டா ஜெயிலோட போகும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் கயிறு."

"இன்னைக்கு அஞ்சு இருபது," என்றார் டீச்சர்.

"ஆமா. அஞ்சரை செய்தியில அமைச்சர் பேசுறார். கெடு முடிஞ்சது, புதுச் சட்டத்துல முதல் கேஸ் இதுதான்னு."

நர்ஸ் திரும்பினாள். "அதை அவன் கேட்டா? எப்படியும் தூக்குன்னு தெரிஞ்சவன் எதுக்கு சார் என் தங்கச்சிய உயிரோட விடணும்?"

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். "மேலிடத்துல சொல்லிப் பார்த்துட்டேன்."

பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கடிதம் இருந்தது. நேற்றுக் காலை மருத்துவமனை வாசலில் கிடந்தது. தாள் அல்ல, அட்டை. ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் வழவழப்பான வெள்ளை. மேல் ஓரத்தில் ஊசித் துளைகள். பேனாவால் எழுதியிருந்தது.

"சட்டத்தை வாபஸ் வாங்குங்கள். எழுபத்திரண்டு மணி நேரம் தருகிறேன். அதற்குள் நானே இவளை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கு இல்லை என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் போனால் என் கையில் எதுவும் இல்லை."

டீச்சர் இரண்டு முறை படித்தார். "பேப்பர்ல எல்லாம் என்ன போட்டிருந்தது?"

"நாப்பத்தெட்டுன்னுதான். எல்லாப் பேப்பர்லயும்."

"இவனுக்கு மட்டும் எழுபத்திரண்டு எங்கேருந்து வந்தது?"

"கணக்குல வீக்கா இருப்பான்," என்றான் பூட்டு.

"வீக்கா இருக்கிறவன் ரெண்டு நாள், மூணு நாள்னு சொல்லுவான். இவன் படிச்சவன் மாதிரி சொல்றான். இல்ல, படிச்சவங்க சொல்லிக் கேட்ட மாதிரி."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் சிரித்தார். "அங்கதான் நானும் போனேன் டீச்சர். சட்டத்தோட முதல் வரைவுல எழுபத்திரண்டுதான் இருந்ததாம். அதைப் பார்த்தது மூணே பேர். வரைவு அதிகாரி, இந்தப் பொண்ணு, அப்புறம் பிழை திருத்துறவர். பிழை திருத்துறவரைக் காலையிலேருந்து உள்ளே உட்கார வச்சிருக்கேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"நான் எழுதின வாக்குமூலத்துல நாலு பிழை திருத்திக் கொடுத்தார்."

பூட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை எங்கேயோ பார்த்திருக்கேன் டீச்சர். கைக்குத் தெரியுது. மண்டைக்குத்தான் வர மாட்டேங்குது."

"வழியில யோசி."

*

வரைவு அலுவலகத்தில் மூன்று டைப்ரைட்டர்கள். ஒன்றுக்கு உறை போட்டிருந்தது. அதன் அருகே தண்ணீர் பாட்டில் பாதி காலியாக நின்றது.

வரைவு அதிகாரி பேசும்போதும் ஸ்டேப்ளரைக் கையிலிருந்து விடவில்லை. "முதல் வரைவு மஞ்சள் தாள். ரெண்டாவது ரோஸ். கடைசி வெள்ளை. எது புதுசு எது பழசுன்னு தூரத்துலேருந்தே தெரியும்."

மஞ்சள் தாளை எடுத்துக் காட்டினார். பிரிவு நான்கு. எழுபத்திரண்டு மணி நேரம். ரோஸ் தாளிலும் எழுபத்திரண்டு. வெள்ளையில் நாற்பத்தெட்டு.

"எப்போ மாறிச்சு?"

"கடைசி நாள் கமிட்டியில. தாராளமா இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். ஒரு நாளைக் குறைச்சாங்க. பேசினது ரெண்டு நிமிஷம் இருக்கும்."

டீச்சர் மூன்று தாள்களையும் அருகருகே வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும், இடது ஓரத்தில், இரண்டு சின்ன எழுத்துகள். மஞ்சளிலும் ரோஸிலும் ஒரே எழுத்துகள். வெள்ளையில் வேறு.

"இது என்ன?"

"அடிச்சவங்க அடையாளம். யார் அடிச்சாலும் போடணும்."

"வெள்ளை வேற ஆள் அடிச்சதா?"

"அந்தப் பொண்ணு லீவுல இருந்தா. அம்மை. பன்னிரண்டு நாள் கழிச்சுத் திங்கட்கிழமைதான் வந்தா."

"வந்ததும் சட்டத்தைப் படிச்சிருப்பாளே?"

அதிகாரி ஸ்டேப்ளரை முதன்முறையாகக் கீழே வைத்தார். "எதுக்கு? அடிச்சதை யாராவது திரும்பப் படிப்பாங்களா? அச்சாகி வெளியே போன சட்டத்தைப் படிச்ச ஆள் இந்த ரூம்ல யாருமே இல்லைங்க. அடுத்தது வந்துடும்."

டீச்சர் உறை போட்ட டைப்ரைட்டரைப் பார்த்தார்.

"பூட்டு. எழுபத்திரண்டுன்னு நம்பறவங்க எத்தனை பேர்?"

"மூணு பேர் பார்த்தாங்க. அதிகாரிக்கும் கமிட்டிக்கும் மாறினது தெரியும். பிழை திருத்துறவர் வெள்ளையையும் திருத்தியிருப்பார்." விரலை மடக்கினான். "மிச்சம் ஒருத்தி."

"கடத்தினவன் இந்த ஆபீஸ் ஆளே இல்லை. சட்டம் அவன் கையில இல்லை. அவன்கிட்ட இருக்கிறது அவள்தான். உயிருக்குப் பேரம் பேசியிருக்கா. மூணு நாளைக்குள்ள விட்டுட்டா உனக்குத் தூக்கு இல்லைன்னு சொல்லியிருக்கா."

"அப்போ அவனுக்கு வக்கீலே அந்தப் பொண்ணுதானா? லீவுல இருந்த வக்கீல்."

"அவளை நம்பி அவன் நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் காத்திருப்பான். அஞ்சரைக்கு ரேடியோ கேட்டா?"

பூட்டு கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்று ஐம்பது.

"யாருக்கு இந்தச் சட்டம் வேண்டாம்?" என்று டீச்சர் அதிகாரியைக் கேட்டார்.

அதிகாரி அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். செய்தித்தாள் வெட்டுகள். "சட்டம் வந்ததே இந்த ஆளால. பஸ் டிரைவர். வேலையிலேருந்து தூக்கிட்டாங்கன்னு முப்பது பேரை பஸ்ஸுக்குள்ளயே மூணு மணி நேரம் பூட்டி வச்சான். நாலு மாசம் ஆச்சு. ஜெயில்ல இருக்கான், கேஸ் நடக்குது."

கோப்பில் மூன்று படங்கள். மூன்று வாய்தாக்கள். மூன்றிலும் டிரைவர் இரண்டு காவலர்களுக்கு நடுவே தலையைக் குனிந்து நடந்தான். டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தார். காலர் நிமிர்ந்து நின்றது. சட்டைக்கையின் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"ஜெயில்ல இஸ்திரிப் பெட்டி உண்டா?"

பூட்டு தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். "எங்க வீட்லயே கிடையாது." பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட்டை. சட்டைக்குள்ள வைக்கிற அட்டை, டீச்சர். லாண்டரியில மடிச்சுத் தரும்போது காலரோட சேர்த்துக் குண்டூசி குத்தியிருப்பாங்களே, அது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தேன்."

அதிகாரியின் போனிலேயே ஜெயில் வாசலைக் கூப்பிட்டான். குரலில் எரிச்சலை வரவழைத்துக்கொண்டான்.

"ஏங்க, அந்த பஸ் டிரைவருக்கு யாரு சட்டை கொண்டு வர்றது? என் சட்டை அங்க வந்திருக்கு, அவர் சட்டை என்கிட்ட இருக்கு. நான் எங்க போய் மாத்துறது?" கேட்டான். தலையை ஆட்டினான். "அவர் அண்ணன் கடையா? ஹேங்கர்ல விலாசம் இருக்கா? படிங்க."

டீச்சர் வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டார். அடுத்த போன் வார்டுக்கு. நர்ஸ் திரும்பி வந்திருந்தாள். டீச்சர் விலாசத்தைச் சொன்னார்.

"அஞ்சு இருபதுக்கு இன்ஸ்பெக்டருக்குச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம்."

"ஏன்?"

"போலீஸ் வந்துட்டா அவனா விட்டதா ஆகாது. அப்புறம் அவன் எதையும் செய்வான்."

"நீங்க அவன் உயிரைக் காப்பாத்தறீங்களா, என் தங்கச்சி உயிரையா?"

"ரெண்டும் ஒரே கதவுக்குப் பின்னாடி இருக்கு," என்றார் டீச்சர்.

*

லாண்டரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. 'கடை விடுமுறை' என்று ஒரு சட்டை அட்டை தொங்கியது. அதே கையெழுத்து. எதிரே ஒரு தையல் கடை, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பூட்டு பக்கச் சுவரிலிருந்து நீண்ட குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"கொதிக்குது. லீவு நாள்ல யாருக்கு இஸ்திரி?"

"மணி?"

"நாலு ஐம்பத்தி அஞ்சு." ஷட்டரின் நடுப்பூட்டைக் குனிந்து பார்த்தான். "சின்னப் பூட்டு. அரை நிமிஷம் கொடுங்க."

"கையைப் பாக்கெட்டுக்குள்ள வை."

"என்னது?"

"நாம திறந்தா நாம மீட்டதா ஆகும். அவன் விடணும். அவனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

பூட்டு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பசித்தவனை இலை முன்னால் உட்கார வைத்ததுபோல நின்றான்.

டீச்சர் விரலால் இரண்டு முறை தட்டினார்.

"கடை லீவு." ஆண் குரல். தூங்காத குரல்.

"தெரியும். நான் போலீஸ் இல்லை. உங்க கணக்குல ஒரு தப்பு இருக்கு. சொல்ல வந்தேன்."

உள்ளே காலடிச் சத்தம் ஷட்டரை நெருங்கியது.

"போயிடுங்க. கறை எடுக்கிற பெட்ரோல் ரெண்டு டின் திறந்து வச்சிருக்கேன். தீப்பெட்டி கையில இருக்கு."

"பாய்லர் எரியுது," என்று பூட்டு முணுமுணுத்தான். "தீப்பெட்டியே வேண்டாம்."

"முதல்ல டின்னை மூடுங்க," என்றார் டீச்சர். "பாய்லர் பக்கத்துல இருக்கு."

"அதைத்தான் நேத்துலேருந்து நானும் சொல்றேன்." இது பெண் குரல். களைத்திருந்தது. உயிரோடிருந்தது.

மூடி திருகும் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"உங்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"நாளைக்கு சாயந்திரம் வரைக்கும்."

"இன்னைக்கு அஞ்சு இருபது வரைக்கும்தான்."

"இல்லைங்க," என்றாள் அந்தப் பெண். "எழுபத்திரண்டு மணி நேரம். நானே அடிச்சேன்."

"மஞ்சள்ல அடிச்சீங்க. ரோஸ்ல அடிச்சீங்க. வெள்ளை வேற ஆள் அடிச்சது."

டீச்சர் வெள்ளைத் தாள்களை ஷட்டருக்கு அடியில் தள்ளினார். உள்ளே யாரோ அவற்றை இழுத்தார்கள். தாள் புரளும் சத்தம்.

"ஓரத்துல என் எழுத்து இல்லை," என்றாள் டைப்பிஸ்ட். பிரிவு நான்கைப் படித்ததும், "அண்ணே, மாத்திட்டாங்க. நாப்பத்தெட்டு."

"பொய்."

"இதை நான் சொல்லாம இருந்திருக்கலாம். நாளைக்கு சாயந்திரம் நீங்க என்னை விட்டிருப்பீங்க. நான் வீட்டுக்குப் போயிருப்பேன். தொங்கப்போறது நீங்கதானே, நான் இல்லையே. அதான் சொல்றேன்."

இஸ்திரிப் பெட்டி சீறியது. மணி ஐந்து எட்டு. எதிர்க்கடையில் பாட்டு மாறியது.

"என் தம்பி?" என்றான் அவன்.

டீச்சர் ஷட்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "முதல் பக்கத்துல பிரிவு ஒண்ணு இருக்கு. படிங்க. சட்டம் போன வெள்ளிக்கிழமையிலேருந்துதான். உங்க தம்பி செஞ்சது நாலு மாசத்துக்கு முன்னாடி. இது அவரைத் தொடாது."

"பேப்பர்ல தூக்குன்னு போட்டாங்க."

"தொடாது அண்ணே," என்றாள் டைப்பிஸ்ட். "அந்தப் பிரிவு நான் அடிச்சது. அது மாறலை. பஸ் டிரைவர் உங்க தம்பியா? ரெண்டு நாளா சட்டத்தை எடு, சட்டத்தை எடுன்னுதானே சொன்னீங்க. தம்பிக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திங்கட்கிழமையே சொல்லியிருப்பேனே."

"அப்போ இந்தச் சட்டம் யாரைத் தொடுது?"

உள்ளே தாள் மறுபடி புரண்டது.

"மணி என்ன?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"அஞ்சு பன்னிரண்டு," என்றான் பூட்டு.

"கூட்டிட்டுப் போயிடுங்க."

"நீங்கதான் திறக்கணும்."

"சாவி இல்லை. மனசு மாறிடுமோன்னு நேத்துத் தண்ணி போற குழாயில போட்டுட்டேன். பின்னாடி பாய்லர். வேற வழி கிடையாது."

"அப்போ எங்ககிட்ட கேளுங்க. வாயால கேளுங்க. அந்தப் பொண்ணு சாட்சி."

"திறந்து விடுங்க," என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "தயவுசெய்து."

பூட்டு பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். கம்பிச் சுருளை விரித்தான். அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று.

"என்ன?"

"நீராவி. உள்ளே முழுக்கத் துரு."

இரண்டாவது கம்பியை நுழைத்தான். அவன் விரல்கள் சிவப்பாயின. நெற்றி வியர்வை பூட்டின்மேல் விழுந்தது. டீச்சர் மணி கேட்டார். ஐந்து பதினாறு. மறுபடி கேட்டார். ஐந்து பத்தொன்பது. அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. இரண்டாவது கம்பி உள்ளேயே முறிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முறிந்த துண்டை வெளியே எடுத்தான். அதன்பின் டீச்சர் மணி கேட்கவில்லை.

ஷட்டரின் பூட்டு திறந்தது. ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். டைப்பிஸ்ட் குனிந்து வெளியே வந்தாள். முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையவில்லை. கையில் வெள்ளைத் தாள்கள். வெயில் கண்ணில் பட்டதும் அவற்றை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

பூட்டு கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து இருபத்து மூன்று.

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தெருவைப் பார்த்தார். பிறகு அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, சிதறிய கம்பிகளைப் பொறுக்க உட்கார்ந்தான். பொறுக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

உள்ளே லாண்டரிக்காரன் இஸ்திரி மேசைமேல் இரு கைகளையும் விரித்து வைத்து நின்றான். அவனுக்குப் பின்னால் கம்பியில் ஒரே அளவில் எட்டுச் சட்டைகள். நாளை தம்பிக்கு வாய்தா. ஒன்று போதும். இரண்டு நாளாக அவற்றையே திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறான்.

*

ஐந்து இருபத்தெட்டுக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பெண்ணைப் பார்த்தார், ஷட்டரைப் பார்த்தார், நோட்டை எடுத்தார்.

"காயம்?"

"இல்லை," என்றாள் டைப்பிஸ்ட். "அவரே விட்டார். இவங்களைத் திறக்கச் சொன்னார்."

"எத்தனை மணிக்கு வெளியே வந்தீங்க?"

"என்கிட்ட வாட்ச் இல்லை சார்."

"நான் பார்த்தேன்," என்றான் பூட்டு. "என் வாட்ச்ல அஞ்சு இருபத்து மூணு."

இன்ஸ்பெக்டரின் பேனா தாளைத் தொட்டது. லாண்டரிக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆனா இது அஞ்சு நிமிஷம் வேகம் சார். நான் எங்க போனாலும் லேட்டா போறவன். அதனால வேணும்னே அப்படி வச்சிருக்கேன். அஞ்சு பதினெட்டுன்னு எழுதிக்கோங்க."

பேனா நின்றது. எதிர்க்கடை ரேடியோவில் பாட்டு அடங்கி, நேரம் சொல்லும் மணி ஒலித்தது. ஐந்தரை. இன்ஸ்பெக்டர் பூட்டின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து காட்டியது.

இன்ஸ்பெக்டர் முள்ளைப் பார்த்தார். டீச்சர் கடிகாரத்தின் ஓரத்தில், முள்ளை நகர்த்தும் திருகைப் பார்த்தார். அதன் விளிம்பில், ஈரம் காயாமல், கொஞ்சம் துரு ஒட்டியிருந்தது.

"டீச்சர். நீங்க கணக்கு நடத்தினவங்க. நீங்க சொல்லுங்க."

ரேடியோவில் அமைச்சர் பேசத் தொடங்கினார். கெடு முடிந்துவிட்டது என்றார். முதல் வழக்கு என்றார்.

"நான் வாட்ச் கட்டுறதில்லை," என்றார் டீச்சர். "அவன் வாட்ச்தான் என் வாட்ச்."

இன்ஸ்பெக்டர் மணிக்கட்டை விட்டார். பிறகு எழுதினார். ஐந்து, பதினெட்டு. லாண்டரிக்காரன் ஜீப்பில் ஏறும் முன் தம்பிக்காக ஒரு சட்டையை எடுத்துக் கொடுக்க அனுமதி கேட்டான். டைப்பிஸ்ட் அதை ஹேங்கரோடு வாங்கிக்கொண்டாள்.

ஜீப் திரும்பியது. டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். பூட்டின் கையைப் பிடித்து, திருகைத் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார்.

"மணி என்ன?" என்று கேட்டார்.